உள்பக்கம் மாட்டிய குமிழ்

அன்புள்ள தம்பிக்கு,

அன்று அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான் கதவோரம், விரித்த செய்தித்தாளின் மேல். உன் அத்தான் சன்னல் பக்கம், முக்காலியில். குட்டி கட்டிலில், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. நாலாவது ஆள் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் நீயே எண்ணிப் பார்ப்பாய்.

போனில் சொன்னால் சிரிப்பாய். அதனால்தான் கடிதம். மாதக் கடைசியில் அலமாரியை எடுத்துப்போக வேனோடு வருவதாகச் சொன்னாய், உன் மகன் அறைக்கென்று. அவனுக்கு மூன்று வயது. ஆகவே இதில் ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை. நேரங்கள் எல்லாம் அப்போதைக்கப்போது நான் குறித்து வைத்தவை. என் பழக்கம் உனக்குத் தெரியும்.

பலகை பலகையாகப் பிரித்துக் கட்டி வந்த வெள்ளை அலமாரி அது. வீடு காலி செய்த ஓர் அம்மா சும்மாவே கொடுத்தார். தோள் உயரம், ஒற்றைக் கதவு. குட்டி அதற்கு ‘ஆஸ்பத்திரி’ என்று பெயர் வைத்து, அந்த அறையில் தூங்க மறுத்தாள். எனக்கோ இரவு முழுக்கச் சலவைக்கூட வேலை. அத்தான் விடியலில் பஸ் எடுக்க வேண்டும். ஒரே கட்டிலில் மூன்று பேரும் முறை வைத்துப் புரண்டதில் கண் எரிச்சல்தான் மிச்சம். சரி, கைக்காசு கரையாமல் அதைக் கொஞ்சம் சிங்காரித்தால் பிள்ளைக்குப் பிடித்துப்போகும் என்று இறங்கினோம்.

சனிக்கிழமை, காலை 11.10. உப்புத்தாளால் தேய்த்தோம்; வழவழப்புப் போனால்தான் வண்ணம் பிடிக்கும். 11.50க்கு இளம்பச்சைப் பூச்சு. காய்ந்ததும் கீழே நாலு மரக்கால். நடுத்தட்டை மாட்டாமல் விட்டு, உள்முதுகில் இலை போட்ட ஸ்டிக்கர் தாள். பழைய பிடிக்குப் பதில் ஒரு மரக்குமிழ். திருகினால் நாக்கு உள்வாங்கிக் கதவு திறக்கும் வகை.

அத்தான் முந்தின நாள் இரண்டு ஷிப்ட் சேர்த்து ஓட்டியவர். கண் சொருகச் சொருகக் குமிழை மாட்டினார். கதவைச் சாத்திய பிறகுதான் கவனித்தோம். குமிழ் உள்ளே. வெளியே தண்டின் முனை மட்டும், ஒரு சின்னப் பள்ளத்தோடு.

“உள்ள யாரு இருக்கா, திருகித் திறக்க?” என்றேன்.

“விருந்தாளி வருவாங்க” என்றார்.

குட்டி புரண்டு சிரித்தாள். நாளைக்கு மாற்றுகிறேன் என்றார். எங்கள் வீட்டு ‘நாளைக்கு’ எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? அதுவரை பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகுவது என்று ஏற்பாடு.

5.05க்கு ஸ்க்ரூடிரைவர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. அத்தான் குளியலறையில். குட்டி வாசலில்.

ஞாயிறு இரண்டு முறை. திங்கள் நாலு முறை. நாக்கு சரியாக விழவில்லை என்றார் அத்தான். நம்பினேன். சந்தேகப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே.

செவ்வாய் சாயங்காலம் குட்டி சொன்னாள். “ஸ்க்ரூடிரைவர் எதுக்கும்மா? தட்டினா போதும்.”

அன்றிரவு அவள் அந்த அறையில் தனியாகத் தூங்கினாள். நான் சந்தோஷப்பட்டேன்...

புதன் மதியம். வீட்டில் நான் மட்டும். தெருக்கதவு உள்தாழ் போட்டிருந்தது. 2.20க்கு, திறந்து கிடந்த அலமாரியின் ஸ்டிக்கர் தாளில் ஒரு காற்றுக் கொப்புளம் கண்ணில் பட்டது. தரையிலிருந்து இரண்டு சாண் உயரம். அளவுகோலால் ஓரத்துக்குத் தள்ளினேன். அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினேன். வந்தது. அலமாரிக்குள் குந்தி உட்கார்ந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன்.

கொப்புளம் ஏறியது... இறங்கியது...

என் மூச்சை அடக்கினேன். அது அடங்கவில்லை.

டக்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இருட்டு. வண்ண வாடை.

குமிழைத் தடவித் தேடினேன். கிடைத்தது.

அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சின்னக் கை. குட்டியின் கையைவிடச் சின்னது.

சூடாக இருந்தது...

அது திருகியது.

கதவு திறந்தது. 2.31.

மறுநாள்தான் உனக்குப் போன் செய்து, அலமாரி வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றேன். அது தாராள மனசு இல்லையடா. தள்ளிவிடப் பார்த்தேன். பிள்ளை அறைக்கு என்று நீ சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. அக்கா என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிறது.

அன்றே அத்தான் உனக்காகக் குமிழை வெளிப்பக்கம் மாற்றினார். எனக்கு வார விடுப்பு. இரவு 9.40க்கு அலமாரிக்குள்ளிருந்து சத்தம். மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தம். மறுபடி மூன்று தட்டு. அத்தான் திறந்து பார்த்தார். காலி. சாத்தினார். தட்டியது. குட்டி அழுதாள், ஆனால் பயத்தில் இல்லை.

“அவன் எப்படிம்மா வெளிய வருவான்?”

இன்று காலை, அலமாரி கொடுத்த அம்மாவைக் கூப்பிட்டேன். உள்ளே தட்டுகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார். நாலு வயது மகன். கண்ணாமூச்சி விளையாட்டு. உள்ளே ஒளிந்தவன்மேல் கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் பிடி இல்லை. எல்லோரும் தெருத்தெருவாகத் தேடியிருக்கிறார்கள். நடுவில் இவர் அந்த அறைக்கு வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அப்போது தட்டுகிற சத்தம் கேட்டதாம். மூன்று மூன்றாக. பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்து வெளியே போய்விட்டாராம்.

கடைசியாக ஒன்று கேட்டார். “குமிழ எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?”

வெளியே என்றேன்.

“உள்ள போட்டுடுங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

10.15க்கு நானே கழற்றி உள்பக்கம் மாட்டினேன். தட்டுவது நின்றது. இந்த அலமாரி இனி எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நீ வேனைக் கூட்டிக்கொண்டு வராதே. உன் பிள்ளைக்கு வேறு வாங்கு. மிச்சமிருக்கும் உப்புத்தாளையும் வண்ணத்தையும் அனுப்புகிறேன். குமிழ் மட்டும் இரண்டு பக்கமும் போடு.

இப்படிக்கு,
அக்கா

(உறையின் பின்பக்கம்)

ஒட்டியாகிவிட்டது. மணி 11.25. தபால் பெட்டிக்குப் போய்வர ஆறு நிமிடம். கிளம்பும் முன் அலமாரியைத் தட்டி, இதோ வந்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டு.