கதவு ஓட்டையில் வந்த தெரு

அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் தெருக்கதவில் ஒரு ஓட்டை இருந்தது. பலகையின் கணு காய்ந்து விழுந்த இடம். அதில் எப்போதும் ஒரு துணியைத் திணித்து வைத்திருப்போம். எனக்கு ஏழு வயதான கோடை விடுமுறையில், வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அந்தத் துணியை உருவினார்.

பென்சில் நுனியால் ஒரு போஸ்ட்கார்டில் துளை போட்டு, சோற்றுப் பருக்கையால் ஓட்டையின் மேல் ஒட்டினார். ஜன்னலைச் சாக்கால் அடைத்தார். கதவைச் சாத்தியதும் அறை கும்மிருட்டானது.

"சொவுத்தயே பாத்துகினு இரு" என்றார்.

முதலில் ஒன்றுமில்லை. கண் பழகப் பழக, எதிர்ச் சுவரின் சுண்ணாம்பில் எங்கள் தெரு வந்து நின்றது. நிறம் மாறாமல், ஆனால் தலைகீழாக. எதிர்வீட்டில் காயப்போட்ட மஞ்சள் புடவை மேல்நோக்கி ஆடியது. உத்தரத்தை ஒட்டி ஒரு மாட்டுவண்டி தொங்கியபடியே நடந்துபோனது. அதன் மணிச்சத்தம் ஒரு பக்கம் போக, வண்டி மறுபக்கம் போயிற்று. மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்தேன்.

"யாரு மாமா இத்த உள்ள உட்டது?"

"யாரும் உடல. வெய்யிலு தானா வந்துகீது."

அதன்பின் வெயில் இருந்த நாளெல்லாம் எனக்குப் படம்தான். எல்லோரும் பார்த்தே ஆகவேண்டும் என்று நான் அடம்பிடித்ததில், ஒருநாள் முறையாகவே ஒரு காட்சி ஏற்பாடானது. அம்மா வெல்லப்பாகு காய்ச்சிப் பொரி உருண்டை பிடித்தாள். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து பாயில் வந்து உட்கார்ந்தார். கோபக்காரர். அவர் இருக்கும் அறையில் நாங்கள் உரக்கச் சிரிக்கமாட்டோம். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போயிருந்த அக்கா மட்டும் இல்லை.

தெரு சுவரில் எழும்பியதும் நைனா எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெய்க்கறை போகாத அவர் புறங்கையின் மேல் எதிர்வீட்டு ஓட்டுக்கூரை வந்து படிந்தது.

"இன்னாடா இது!" என்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தார்.

அப்போது ஊதா தாவணி ஒன்று மெல்ல நகர்ந்து வந்தது. "அக்கா வருது!" என்று கத்தினேன். கூடவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டை. எதிர் வேலியோரம் இருவரும் நின்றார்கள். வெள்ளைச் சட்டை எதையோ நீட்ட, தாவணி வாங்கிக்கொண்டது. அறையில் பொரி கடிபடும் சத்தம் சட்டென்று நின்றது.

சுவர் இருண்டது. மாமாவின் உள்ளங்கை போஸ்ட்கார்டின் மேல் இருந்தது.

"மேகம் வந்துச்சி" என்றார்.

"பொய்! நீதான் மறைக்கிற, கைய எடு!"

"மேகந்தான்டி. கம்னு இரு" என்றாள் அம்மா. என்னை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள்.

இருட்டிலிருந்து நைனா சொன்னார்: "இன்னொரு உருண்ட குடு."

அக்கா வந்தபோது யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அதே வேளைக்கு நைனா தானாகவே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். என் விளையாட்டு நைனாவையே பிடித்துக்கொண்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆளுக்குப் பாதி உருண்டையோடு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாம் நாள், "அவ நம்ம ஊட்டுக்குள்ள வர்ற வரிக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போறான்" என்று முணுமுணுத்தார்.

"யாரு நைனா?"

"வண்டிக்காரன்."

அன்று சாயங்காலம் மாமா எங்கோ விசாரித்துவிட்டு வந்து, "ஊடு குமணன்சாவடியாம்" என்று அவரிடம் கிசுகிசுத்தார். நான்காம் நாள் இருவரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு குமணன்சாவடிக்கு பஸ் ஏறப் புறப்பட்டார்கள். அம்மா ஒரு பையில் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் எடுத்து வைத்தாள்.

"படத்துக்கு நேரமாச்சே நைனா!" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"பாத்த வரிக்கும் போதும் கண்ணு" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை பெரிய அதிசயம் மூன்றே நாளில் அவருக்குச் சலித்துவிட்டதே! சமையலறைக் கதவுக்குப் பின்னால் அக்காவும் தாவணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அதே வருத்தம்தான் என்று எண்ணி, என் பங்குப் பொரி உருண்டையை அவளுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவள் ஏன் அப்படிச் சிரித்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.