எழிலுக்கு எட்டிய புடவை

அஸ்தினாபுரத்தில் ஒரு மாடி வீட்டின் முன்னறையில் ஷரீஃபா புடவைகளுக்கு மடிப்பு எடுத்துக் கொடுக்கிறாள். கல்யாணத்துக்கோ வளைகாப்புக்கோ கட்டப்போகும் புடவையை முதல் நாளே அவளிடம் கொடுத்துவிட்டால் போதும். கொசுவத்தையும் முந்தானையையும் அளவாக மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி, அட்டைப்பெட்டியில் வைத்துத் தந்துவிடுவாள். மறுநாள் எடுத்துச் சுற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஆரம்பத்தில் அவள் கணவர் பக்கீர் முகமதுவுக்கு இந்தத் தொழிலில் நம்பிக்கை இல்லை. “துணி துவைச்சா காசு குடுப்பாங்க, தைச்சா குடுப்பாங்க. மடிச்சதுக்குமா குடுப்பாங்க?” என்று கேட்டார். கால்டாக்சி ஓட்டுகிற அவரே இப்போது பின்சீட்டில் புடவைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போய்க் கொடுக்கிறார். வண்டியில் ஏறுகிறவர்களிடம் மனைவியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் காட்டுகிறார்.

அந்தப் பக்கத்தில் போடுகிற படங்கள்தான் ஷரீஃபாவுக்குப் பெரிய தலைவலியாக இருந்தன. மூடிப்போன ஒரு துணிக்கடையிலிருந்து வாங்கிய பொம்மையின் மேல் புடவையைச் சுற்றிப் படம் எடுப்பாள். பொம்மைக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எந்தப் புடவை கட்டினாலும் தூக்கக் கலக்கத்தில் நிற்பது போலவே இருக்கும். ஒருநாள் அதன் கால்கட்டையும் ஒடிந்துவிட்டது. அன்றைக்கே படம் எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டிய மாம்பழ மஞ்சள் பட்டு ஒன்று மேசை மேல் கிடந்தது.

அப்போது கீழ் வீட்டு எழில், மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

எழிலுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா ரத்தினம் மாநகரப் பேருந்தில் நடத்துநர். அம்மா கீதா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தாள். எழில் அப்பாவை உரித்து வைத்த பெண். அதே நீள முகம், அதே கறுப்பு, அதே உயரம். பத்தாம் வகுப்பிலேயே ஆசிரியர்கள் எல்லோரையும் தாண்டி வளர்ந்துவிட்டாள். பள்ளியில் அவளை ‘டவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் தோளைக் குறுக்கி, முதுகைக் கொஞ்சம் வளைத்து நடப்பது பழக்கமாகிவிட்டிருந்தது.

“எழில், அஞ்சு நிமிஷம் நிக்கிறியா? பொம்மை காலை ஒடச்சுக்கிச்சு” என்றாள் ஷரீஃபா.

எழில் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். ஷரீஃபா அவளுக்குப் புடவையைச் சுற்றி, முந்தானையைத் தோளில் பின் குத்தி, விலகி நின்று பார்த்தாள். மடிப்புகள் வயிற்றின் மேல் மடங்கிச் சுருங்கி நின்றன.

“கூன் போடாதடி, என் மடிப்பு போகுது!”

மடிப்புக்காக எழில் நிமிர்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. ஷரீஃபா கைப்பேசியில் படம் எடுத்து, அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். “மாஷா அல்லாஹ்” என்றாள். “இது நீதானா?”

முகம் தெரியாத படம் ஒன்றை மட்டும் பக்கத்தில் போட்டாள். வழக்கமாக இதயக்குறி போட்டுவிட்டுப் போகிறவர்கள்கூட அன்றைக்கு எழுதிக் கேட்டார்கள்: “மாடல் யாரு?”

அதை எழிலிடம் காட்டியபோது அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலக் கேட்டாள். “அக்கா, இதுக்கெல்லாம் நெஜமாவே காசு குடுப்பாங்களா? எனக்கு இது புடிச்சிருக்குக்கா. நிக்கும்போது நல்லா இருந்துச்சு.”

ஷரீஃபாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும், “பின்ன? குடுக்காமயா?” என்றாள்.

கைப்பேசியில் தேடியதும் முதலில் கிடைத்தது நாவலூரில் இருந்த ஒரு மாடலிங் ஏஜென்சி. வீட்டில் சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்று எழில் பயந்தாள். ஷரீஃபாவும் யோசிக்காமல், புடவைக் கண்காட்சிக்குப் போகிறோம் என்று கீதாவிடம் ஒரு பொய்யைச் சொல்லி எழிலை அழைத்துப் போனாள்.

ஏஜென்சியில் எட்மண்ட் என்று ஒருவர் வரவேற்றார். ஏசி அறை, கண்ணாடி மேசை, சுவரெல்லாம் படங்கள். எழிலை நடக்கச் சொல்லி, திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, “சூப்பர் ஃபேஸ். இன்டர்நேஷனல் லுக்” என்றார். முதலில் ஒரு ஆல்பம் எடுக்க வேண்டும், அதற்கு முன்பணம் கட்ட வேண்டும், கட்டிவிட்டால் வாய்ப்புகள் கொட்டும் என்றார்.

“வேலை குடுக்கறவங்கதானே சார் காசு குடுக்கணும்?” என்று ஷரீஃபா கேட்டாள்.

“இது இன்வெஸ்ட்மென்ட் மேடம்” என்று எட்மண்ட் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையில் ஷரீஃபா விழுந்தேவிட்டாள். பணம் அனுப்பக் கைப்பேசியைத் திறந்து, மேசை மேல் ஒட்டியிருந்த க்யூஆர் குறியீட்டின் மேல் பிடித்தும்விட்டாள். அப்போதுதான் அவர் சொன்னார்: “ஷூட்டிங் அன்னிக்கு நீங்க யாரும் வரத் தேவையில்ல மேடம். பொண்ணு மட்டும் வந்தா போதும். ஃபேமிலி இருந்தா ஃப்ரீயா நிக்க மாட்டாங்க.”

ஷரீஃபா கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். “வீட்ல கேட்டுட்டு வரோம் சார்” என்று எழிலின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கீழே வந்த பிறகும் பிடித்த கையை அவள் விடவில்லை. எழிலுக்கோ சிரிப்பு. “அக்கா, அவரு இன்டர்நேஷனல்னு சொன்னப்ப நீங்க வாயத் தொறந்துகினு பார்த்தீங்களே!” சாலையோரம் ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்துவிட்டுப் பேருந்து ஏறினார்கள்.

சோழிங்கநல்லூரில் மாறி ஏறிய பேருந்தின் நடத்துநர் எழிலை நிமிர்ந்து பார்த்து, “நீ ரத்தினம் பொண்ணுதானே?” என்றார். அந்த முகத்தையும் உயரத்தையும் பார்த்த பிறகு அவருக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை. சாயங்காலம் அவர் டிப்போவில் ரத்தினத்திடம் சொல்ல, இருட்டுவதற்குள் விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது.

ரத்தினம் மாடிக்கு வந்தார். கதவு நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வந்தார். சத்தம் போடவில்லை.

“இன்னா ஷரீஃபா, கண்காட்சி நாவலூர்லயா நடக்குது?”

ஷரீஃபா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டாள்.

“உன் மேல சந்தேகம் இல்லம்மா. ஆனா ஒரு பேச்சு எங்கிட்ட கேட்டிருக்கலாம். இந்த மாடலிங் பேஜாரே வேணாம். பொண்ணு படிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு எழில் மாடிக்கு வருவது குறைந்தது. வந்தாலும் துணியை எடுத்துக்கொண்டு நேரே கீழே போய்விடுவாள்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். மேற்குத் தாம்பரத்தில் சின்னதாகப் புடவைக் கடை வைத்திருக்கும் சம்பத், மடிப்பதற்குப் புடவைகள் கொண்டுவந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“என்ன சார், உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம், சரக்குக்குத்தான். நம்ம நெசவுக்காரர் புதுத் தறி போட்டாரு. அளவு பார்க்காம ஒரு லாட் முழுக்க நாலு விரக்கடை கூடுதல் அகலமா நெய்து அனுப்பிட்டாரு. நானும் பார்க்காம வாங்கி வெச்சுட்டேன். கட்டிப் பார்க்கற லேடீஸ் எல்லாம் திட்டறாங்க. கீழ விட்டா தடுக்கி விழறாங்க, மேல சுருட்டிச் செருகினா இடுப்புல டயர் கட்டின மாதிரி கீதாம்.”

ஷரீஃபா ஒரு புடவையை வாங்கி விரித்தாள். இங்க் நீலத்தில் மெல்லிய வெள்ளிக் கரை. தன் தோளிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தாள். தரையில் குவிந்தது.

சம்பத்திடம் தன் யோசனையைச் சொல்லிப் பேசி முடித்துவிட்டு, அவள் உடனே கீழே இறங்கினாள். இந்த முறை எழிலைத் தேடவில்லை. டூட்டி முடிந்து வந்து, டீ டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்த ரத்தினத்தின் எதிரில் போய் நின்றாள்.

“அண்ணா, ஒரு பேச்சு கேக்க வந்தேன்.”

சம்பத்தின் கதையைச் சொன்னாள். படம் கடை மாடியிலேயே எடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைதான், ரத்தினமும் கூட வந்து கடைசிவரை இருக்கலாம், அவர் பார்த்து சரி சொல்லாத படம் வெளியே போகாது, நாம் யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டாம், அவர்கள்தான் எழிலுக்குக் கொடுப்பார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கதவோரம் நின்ற எழில் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ரத்தினம் டம்ளரைக் கீழே வைத்தார். “அதெல்லாம் சரிம்மா. அவ உயரத்தப் பார்த்து அங்க யாரும் சிரிக்க மாட்டாங்களே? டிப்போல என்னைக் கொடிக்கம்பம்னு கூப்புடறானுங்க. நான் ஆம்பள, தொடச்சுப் போட்டுட்டுப் போயிடுவேன். அவ ராத்திரி அழுவா.”

அவர் வேண்டாம் என்றதற்குக் காரணம் படிப்பு மட்டுமல்ல என்று ஷரீஃபாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

“அண்ணா, அந்த உயரம் இல்லாம அந்தப் புடவைய யாராலயும் கட்டவே முடியாது. சிரிக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு?”

ரத்தினம் மகளைப் பார்த்தார். “இன்னாம்மா சொல்ற?”

“போலாம்பா” என்றாள் எழில், அவர் கேட்டு முடிக்கும் முன்பே.

ஞாயிற்றுக்கிழமை சம்பத்தின் கடை மாடியில் வெள்ளைத் திரை கட்டி விளக்குகள் வைத்திருந்தார்கள். படக்காரர் சுகுமார் குள்ளமான மனிதர். எழிலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அண்ணா, ஒரு ஸ்டூல் கெடைக்குமா?” என்று சம்பத்திடம் கேட்டார். யாருக்கும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. மதிய டூட்டி இருந்ததால் ரத்தினம் காக்கிச் சட்டையோடு வந்து, மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நீலப் புடவை எழிலுக்கு அளவெடுத்து நெய்தது போல இறங்கியது. சுருட்டலும் இல்லை, தடுக்கலும் இல்லை. கரை தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. சம்பத் மூக்கின் மேல் விரல் வைத்தார். ஆனால் விளக்கைப் போட்டதும் எழில் இறுகிப் போனாள். தோள் குறுகியது, கழுத்து உள்ளே போனது, முதுகு வளைந்தது. சுகுமார் நயமாகச் சொல்லிப் பார்த்தார். ஷரீஃபா இரண்டு தரம் போய் மடிப்பைச் சரி செய்வது போலத் தோளைத் தட்டிவிட்டு வந்தாள். திரும்பி வருவதற்குள் பழைய கூன் வந்துவிடும். எழிலின் கண் கலங்கத் தொடங்கியது.

ரத்தினம் எழுந்து நின்றார். அவரும் முதலில் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேதான் எழுந்தார். பிறகு மேலே பார்த்தார்.

“எழிலு, இது பஸ் இல்லம்மா. மேல கம்பி கெடையாது. இங்க பாரு” என்று சொல்லி, காக்கிச் சட்டையோடு முழு உயரத்துக்கும் நிமிர்ந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். விரல் பட்டு, கூரையிலிருந்து தொங்கிய ஜிகினாத் தோரணம் அறுந்து அவர் தலை மேலேயே விழுந்தது.

முதலில் சிரித்தவள் எழில்தான். தலையைப் பின்னுக்குத் தள்ளி, பல் தெரிய, நேராக நின்று சிரித்தாள். அடுத்து எல்லோரும் சிரித்தார்கள், தலையில் ஜிகினாவோடு நின்ற ரத்தினமும்கூட. ஸ்டூல் மேல் நின்ற சுகுமார் மட்டும் சிரிக்காமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. திரும்பு என்றால் திரும்பினாள், முந்தானையை வீசு என்றால் வீசினாள். ரத்தினம் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு புடவையையும் இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார். போகும்போது சுகுமாரிடம், “அந்தச் சிரிச்ச படம் எனக்கு ஒண்ணு வாட்ஸப்ல அனுப்புங்க சார்” என்றார்.

‘உயரமான பெண்களுக்கு’ என்று போட்டுச் சம்பத் அந்தப் படங்களை வெளியிட்டார். இத்தனை உயரமான பெண்கள் சென்னையின் தென்பக்கத்தில் இருக்கிறார்கள் என்று அவருக்கே அன்றுவரை தெரியாது. மேடவாக்கத்திலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர் வந்தார். பெருங்களத்தூரிலிருந்து அக்காவும் இரண்டு தங்கைகளுமாக ஒரு குடும்பமே வந்தது. “இத்தன வருஷமா கணுக்கால் தெரியத்தான் கட்டிக்கினு இருந்தோம்” என்றாள் அக்காக்காரி. லாட் காலியானதும் சம்பத் அதே அகலத்தில் மறுபடியும் நெய்யச் சொன்னார். நெசவுக்காரர், தான் அதைத் திட்டம் போட்டுத்தான் செய்ததாக இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

சம்பத் சம்பளத்தைப் படம் எடுத்த அன்றே எழிலின் பெயரில் வங்கியில் போட்டுவிட்டார். அவள் அதில் முதலில் வாங்கியது தன் காலுக்குச் சேரும் ஒரு ஜோடி செருப்பு. கடைகளில் பெண்கள் பகுதியில் அந்த அளவு கிடைக்காமல், இணையத்தில் தேடி வரவழைத்தாள். அம்மா கீதாவுக்குக் கம்பெனிக்கு எடுத்துப் போக ஒரு நல்ல டிபன் கேரியரும் வாங்கினாள்.

அடுத்தடுத்து வேலை வந்தது. குரோம்பேட்டையில் ஒரு சுடிதார்க் கடை, கிறிஸ்துமஸுக்குக் கவுன் தைக்கும் கிறிஸ்டி என்ற பெண்ணின் கடை, பிறகு ஒரு செயற்கை நகைக்காரர். பள்ளி நாளில் போவதில்லை, வீட்டிலிருந்து ஒருவராவது கூட இல்லாமல் போவதில்லை என்று ரத்தினம் சொல்லிவிட்டார். ஷரீஃபாவுக்கும் ஒரு புது வேலை சேர்ந்துகொண்டது. எழிலின் படத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் பெண்ணையும் மாடலாக்கலாமா என்று அம்மாக்கள் ஷரீஃபாவைக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். கொசுவத்தை மடித்துக்கொண்டே கைப்பேசியைத் தோளில் இடுக்கி அவள் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் பதில் சொல்வாள். “காசு கேட்டா எழுந்து வந்துடுங்க. நீங்க வர வேணாம்னு சொன்னா எழுந்து ஓடி வந்துடுங்க.”

எழில் இப்போது பிளஸ் டூ. பிசியோதெரபி படிக்க வேண்டும் என்கிறாள். போன பொங்கலுக்கு முன்னால் பெரிய விளம்பரக் கம்பெனி ஒன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தோட்ட வீட்டில் படம் எடுத்தது. பக்கீர் முகமதுவின் வண்டியில்தான் எல்லோரும் போனார்கள். காலையிலிருந்து வெயிலில் நிற்க வைத்துவிட்டு, மதியம் தாண்டியும் இன்னும் ஒரு உடை என்றார்கள். ஷரீஃபா வாயைத் திறப்பதற்குள் எழிலே முன்னால் போய், “சார், சாப்ட்டுட்டு வரேன். அப்புறம் நல்லா நிப்பேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அவர்களும் சரி என்று விளக்கை அணைத்தார்கள்.

கம்பெனிப் பெண் ஒருத்தி ஷரீஃபாவிடம் வந்து, “மேடம், நீங்க இவங்க மேனேஜரா?” என்று கேட்டாள்.

“இல்லங்க” என்று எழில்தான் பதில் சொன்னாள். “மாடி வீட்டு அக்கா.” சொல்லிவிட்டு, ஷரீஃபா கொண்டுவந்திருந்த பிரியாணி டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நிழலைத் தேடி நடந்தாள்.