கோப்பை கழுவும் மெசினுக்கு அப்பா பார்த்த வைத்தியம்

எங்கள் ஊரான மண்டூரில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திருத்திய ஒரே ஆள் என்னுடைய அப்பாதான். அந்த இயந்திரம் மண்டூரில் இருக்கவில்லை, குவைத்தில் இருந்தது. அப்பா அதைத் தொட்டதுமில்லை, நேரில் கண்டதுமில்லை. இருந்தாலும் திருத்தினார். வேறொருவராக இருந்தால் இதை வைத்தே நாலு சபையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மனுசன் இன்றுவரை அதைப்பற்றி ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. நானும் இப்போதுதான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வயல் வட்டைகளில் ஓடுகிற நீர்ப் பம்புகளுக்கும் உழவு மெசின்களுக்கும் அப்பாதான் வைத்தியர். வீட்டு வளவின் மூலையில் தகரக் கொட்டில் போட்டு வைத்திருந்தார். எஞ்சின் ஒன்று வந்தால் முதலில் அதைக் கழற்ற மாட்டார். ஓடவிட்டு, ஸ்குரூ டிரைவரின் முனையை அதில் வைத்து, பிடியைத் தன் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். நோய் என்னவென்று அது அவர் காதுக்குள் சொல்லிவிடும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதனாலேயோ என்னவோ, அச்சடித்து வந்த எதன்மேலும் அவருக்குப் பெரிய மரியாதை. தன் காதைவிட ஒரு படி அதிகமான மரியாதை என்றுகூடச் சொல்வேன்.

அரைவாசியில் நின்றுபோன வீட்டுக்குக் கூரை போடவென்று அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமைகளில் வீடியோ கோல் வரும். அந்த வீட்டுக் குசினியில் கோப்பைகளைத் தானே கழுவுகிற மெசின் ஒன்று இருப்பதை அம்மா அப்படித்தான் ஒருநாள் காட்டினார். அப்படியென்றால் உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். அதற்குள் அடுக்குவதும் அதிலிருந்து எடுப்பதும் யாராம் என்று அம்மா சிரித்தார். கோப்பை கழுவ ஒரு மெசின், மெசினைப் பார்த்துக்கொள்ள இன்னொருவருடைய அம்மா. பணக்காரர்களின் கணக்கு அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அக்கா, எங்களுக்கு அடுத்த வளவு. அம்மாவுக்கு ஒரு மாதம் முந்தி வெளிநாடு போனவர், மூன்றாம் மாதமே திரும்பி வந்துவிட்டார். முழங்கால் வீங்கி நிற்க முடியாமல் போய்விட்டது. வேலை செய்ய மாட்டாத ஆள் எங்களுக்கு எதற்கு என்று அந்த வீட்டார் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஊரே வந்து இரங்கிப் பேசியது. எனக்கு இரக்கமெல்லாம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. பெரியம்மாவின் மகள் மறுநாளே எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் வந்தாள். என் தலைமயிரை அப்பா, பின்னத் தெரியாத காரணத்தால், கழுத்தோடு ஒட்ட வெட்டிவிட்டிருந்தார். வெளிநாட்டில் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பெரிய பாடத்தை நான் கற்றுக்கொண்டது அந்தப் பின்னலைப் பார்த்துத்தான்.

எனக்குப் பத்து வயதான ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்களுக்குப் பின்னேரம் இரண்டரை மணி, குவைத்தில் பகல் பன்னிரண்டு. அம்மா வழமையைவிட முந்தியே கோல் எடுத்தார். முகத்தைக் கொஞ்ச நேரம்தான் காட்டினார், பிறகு போனை மெசினின் பக்கம் திருப்பிவிட்டார்.

"இஞ்ச பாருங்க, இது விடாம இரையுது. கழுவுதுமில்ல, நிக்குதுமில்ல. போடுற மருந்து முடிஞ்சு போச்சு. சோப்புத்தானே எண்டு கையால கழுவுற சோப்புத் தண்ணிய ஊத்திப்போட்டன். நுரை கிளம்பிக் கதவால வழிஞ்சிட்டு."

கரண்டைக் கழற்றிப் பார்த்தாயா என்று அப்பா கேட்டார். கழற்றினால் நிற்கிறது, கொடுத்தால் திரும்பவும் இரைகிறது என்றார் அம்மா. வீட்டார் எல்லோரும் வீட்டுக்காரியான மேடத்தின் தாய் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தார்கள். குவைத் நேரம் மூன்று மணிக்கு வந்துவிடுவார்களாம்.

"போன மாதமும் இது ஒருக்கா நிண்டுட்டு. அண்டைக்கு அவ என்னை..." என்று அம்மா தொடங்கினார்.

"மகள், கொட்டிலுக்க போய் அந்தச் சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வா" என்றார் அப்பா.

குவைத்தில் கிடக்கும் மெசினுக்கு மண்டூரில் எதற்கு ஸ்குரூ டிரைவர் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஓடிப்போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர்கள் பேச வேண்டியதைப் பேசி முடித்திருந்தார்கள். அப்பாவின் கழுத்து வேர்த்திருந்தது. கடைசியாக அம்மா சொன்னதுதான் என் காதில் விழுந்தது.

"அவ வாறத்துக்குள்ள இது ஓடோணும். ஓடாட்டிச் சும்மா விடமாட்டா."

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் இல்லை, சந்தோசத்தில். இது ஓடாவிட்டால் அம்மா வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

மெசினின் நெற்றியில் ஓர் ஆங்கில எழுத்தும் நாலாம் இலக்கமும் சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தன. அப்பா, இதற்கு ஒரு புத்தகம் இருக்க வேண்டும், தேடிப் பார் என்றார். அம்மா மேசை லாச்சிகளை இழுத்துக் கிளறி ஒரு மெல்லிய புத்தகத்தைக் கண்டெடுத்தார். ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் ஆங்கிலம். அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. பக்கங்களை ஒவ்வொன்றாகப் போனுக்குக் காட்டினார். சிவப்பு இலக்கங்களுக்கு விளக்கம் போட்ட பக்கம் வந்ததும் அப்பா நிற்பாட்டச் சொன்னார். வகுப்பில் ஆங்கிலத்துக்கு நான்தான் முதலாம் பிள்ளை. அப்பா போனை என் கையில் தந்துவிட்டு, வாத்தியார் முன்னால் நிற்கும் பிள்ளையைப்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் இலக்கத்துக்கு நேரே இருந்ததில் எல்லாச் சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் தண்ணீர் என்பதும் அடி என்பதும் விளங்கின. அதற்கு மேலே மூன்றாம் இலக்கம் இருந்தது. அதில் ஃபில்டர் என்றும், துப்புரவாக்கு என்றும் இருந்தன.

"ஃபில்டர் அடைச்சிருக்காம்பா. கழட்டித் துப்புரவாக்கட்டாம்."

சொல்லும்போது குரல் நடுங்கவுமில்லை. இன்று நினைத்தால் அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அம்மா கோப்பை அடுக்குகிற கீழ்க் கம்பித் தட்டை வெளியே இழுத்து வைத்துவிட்டு, அடியில் இருந்த வட்ட வலையைத் திருகி எடுத்தார். அதற்குள் சோறும் மீன் முள்ளும் ஒரு பேரீச்சங்கொட்டையும் கிடந்தன. அப்பா என்னைப் பெருமையோடு பார்த்தார். அம்மா கழுவிப் போட்டுக் கரண்டைக் கொடுத்தார். மெசின் இரைந்தது. வடிவாகக் கழுவு, தூரிகையால் தேய் என்றார் அப்பா. மெசின் இரைந்தது. தண்ணீர் பீச்சுகிற குழாயின் துவாரங்களை ஊசியால் குத்தச் சொன்னார், அம்மா ஒவ்வொன்றாகக் குத்தினார். அப்போதும் இரைந்தது. இப்படியே ஒன்றரை மணித்தியாலம் போனது. நடுவில் ஒருமுறை அப்பா என் பக்கம் திரும்பினார்.

"சரியாத்தானே வாசிச்சாய் மகள்?"

"ஓம்பா. ரெண்டு தரம் வாசிச்சன்."

அதன் பிறகு அவர் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஃபில்டரோடு மாரடித்துவிட்டு, பொறு புள்ள என்று அம்மாவை நிற்கச் சொன்னார். போனை மெசினின் அடியில், தரையோடு வைக்கச் சொன்னார். என் கையிலிருந்த போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். குவைத்திலிருந்து வந்த அந்த இரைச்சலை, வட்டையில் நிற்கும் பம்பைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"இது ஃபில்டர் இல்ல. இழுக்கத் தண்ணியில்லாமக் காத்த இழுக்குது. அடித்தட்டுக்குள்ள ஒரு மிதவை இருக்கும், காபரேட்டருக்குள்ள இரிக்கிற மாதிரி. நுரைத் தண்ணி இறங்கி அதக் கிளப்பி வச்சிருக்கு. அந்தத் தண்ணி வடியுமட்டும் இது அடங்கா."

தண்ணீர், அடி. புத்தகத்தில் நான் தாண்டிப்போன வரியை அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாசித்துவிட்டார்.

பைப்பைப் பூட்டி, கரண்டைக் கழற்றி, மெசினைச் சுவரிலிருந்து இழுத்து ஒரு பக்கமாகச் சரிக்க வேண்டும். அம்மா சின்ன ஆள். தண்ணீர்க் குடத்தையே இடுப்பில் இரண்டு தரம் மாற்றி வைப்பவர். போனை எங்கோ சாத்திவைத்துவிட்டுத் தோளைக் கொடுத்து முக்கினார். எங்களுக்கு அவருடைய காலும் பாவாடைக் கரையும் மட்டும் தெரிந்தன. அப்பா இங்கே இருந்துகொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தானும் தோளைச் சரித்துக்கொண்டிருந்தார். பிறகு மெசினின் அடியிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. வெள்ளைத் தரை முழுக்க நுரையும் அழுக்குமாகப் பரவி அம்மாவின் காலை நனைத்தது. கடைசிச் சொட்டு வடிந்ததும் மெசினை நிமிர்த்திக் கரண்டைக் கொடுத்தார். இரைச்சல் இல்லை. சிவப்பு இலக்கமும் இல்லை.

"அடங்கிட்டு புள்ள! அடங்கிட்டு!" என்று அப்பா தொடையில் அடித்துக் கத்தினார்.

அம்மா குனிந்து போனை எடுத்தார். முகம் முழுக்க வேர்வை, சிரித்துக்கொண்டிருந்தார். தரையைத் துடைச்சிட்டு எடுக்கிறன் என்றார். அப்போது அந்த வீட்டுக்குள் எங்கோ ஒரு கதவு திறந்து சின்னப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அம்மா திரும்பிப் பார்த்தார். போன் தரையில் விழுந்து இருட்டாகியது. ஒரு பெண்ணின் குரல் கிட்ட வந்தது, அரபில் ஏதோ கத்தியது, பிறகு கோல் அறுந்துபோனது. மூன்று மணிக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.

அப்பா அன்று இரவு வெகுநேரம்வரை கோல் எடுத்துக்கொண்டேயிருந்தார். அடுத்த நாளும் எடுத்தார். அம்மாவின் போன் நிற்பாட்டப்பட்டிருந்தது. அவர் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து, மெசினைத் திருத்தியும் பிரயோசனமில்லாமல் போன கவலையாக்கும் என்று நினைத்தேன். எனக்கோ கால் தரையில் படவில்லை. தரை முழுக்கத் தண்ணீர், மெசின் நடுக் குசினியில், மேடம் நேரே கண்டுவிட்டார். இனி அனுப்பாமல் என்ன செய்வார்? வளவைக் கூட்டினேன். அம்மாவின் சீலைகளைக் கொடியில் போட்டுக் காயவைத்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். குருமண்வெளியிலிருந்து வாவியைக் கடந்து வருகிற பாதைப் படகை ஒவ்வொரு பின்னேரமும் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். கவலைப்படாதீங்க, அம்மா வந்திருவா என்று அப்பாவுக்கு ஆறுதல்கூடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போனைக் கையில் எடுத்தார்.

அம்மாவின் குரல் திரும்பக் கேட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மேடத்தின் போனிலிருந்து இரண்டு நிமிடம் பேசினார். சுகமாக இருப்பதாகச் சொன்னார். மெசின் இப்போது நன்றாக ஓடுகிறதாம், அப்பாவின் கைராசியாம். நான் போனை வாங்காமல் எழுந்து போய்விட்டேன். அவ்வளவு கோபம், மெசின் மேல்.

அம்மா வந்தது அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கழித்து, ஒப்பந்தம் முடிந்து. வந்த அன்று சாப்பிடும்போது அவருடைய இடப்பக்கம் இருந்து அம்மா என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்று தரம் கூப்பிட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என் பொய் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்துபோனேன். அந்தப் பயத்தில் மாதக்கணக்காக அவருக்குப் பக்கத்தில் போகாமல் தள்ளித் தள்ளித் திரிந்தேன். இவ்வளவு காலம் கழிச்சு வந்தும் பிள்ளை ஒட்டுதில்லையே என்று அம்மா பெரியம்மாவிடம் சொல்லி அழுததாகப் பிறகு அறிந்தேன்.

எனக்குப் பதினாலு வயதில் அந்த இடக்காதில் சீழ் வைத்து, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். போனோம் என்றால் நானும் அம்மாவும். காதுக்குள் கிழிந்த பழைய காயம் இருக்கிறது, எப்படி வந்தது என்று டொக்டர் கேட்டார். வழுக்கி விழுந்தன் என்றார் அம்மா. திரும்பும்போது பாதைப் படகில் என்னைத் தன் வலப்பக்கம் இழுத்து இருத்திக்கொண்டு, கேட்காமலே சொன்னார். அன்று அந்த மேடம் மெசினிலிருந்து எடுத்து வெளியே வைத்திருந்த கம்பித் தட்டைத் தூக்கித்தான் அடித்தாராம். அதற்கு முந்தின மாதம் கையால், இரண்டாம் தரம் அந்தத் தட்டால். இன்னும் அரை மணித்தியாலம் கிடைத்திருந்தால் தரையைத் துடைத்து மெசினைத் தள்ளி வைத்திருப்பேன், அவ ஒன்றையும் கண்டிருக்க மாட்டா என்றார். அதை யாரையும் குறை சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை.

"அப்பாக்குச் சொல்லிப்போடாத மகள். தான் முந்தியே கண்டுபுடிச்சிருந்தா எண்டு மனுசன் காலம் முழுக்க அரிச்சிக்கிட்டு இரிப்பார்."

ஓம் என்றேன். சொல்லவில்லை. அம்மா படகில் சொன்னதை அப்பாவுக்கும், நான் மாற்றி வாசித்ததை அம்மாவுக்கும் இன்றுவரை சொல்லவில்லை.

பெரியம்மாவால் நிற்க முடியவில்லை, அதனால் அனுப்பினார்கள். இவ்வளவுதான் அதில் இருந்த பாடம், பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அம்மா காதில் துணியை அடைத்துக்கொண்டு மறுநாள் காலையில் எழுந்து நின்றிருக்கிறார். அந்த மெசினுக்குள் கோப்பைகளை அடுக்கியிருக்கிறார். அதனால் வைத்துக்கொண்டார்கள்.