ஐந்தருவியில் இரண்டு கேமராக்கள்

காலை ஏழே கால். ஐந்தருவியில் சாரல் அடிக்கிறது. பெரிய டிஎஸ்எல்ஆர் கேமரா பைக்குள் இருக்கிறது. குளிப்பவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று, உள்ளங்கையில் அடங்கும் காம்பாக்ட் கேமராவால் அருவியின் உச்சியை எடுக்கிறேன்.

எண்ணெய் வைத்த தலையோடு ஓர் அம்மாள் நேரே வருகிறார். பின்னால் ஈர உடையில் அவர் மகள்.

"என்ன அண்ணாச்சி, பொம்பளைக குளிக்க இடத்துல ஒளிச்சு ஒளிச்சு படம் எடுக்கீரு?"

ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். எடுத்த பதினொரு படங்களையும் காட்டுகிறேன். எல்லாம் பாறையும் தண்ணீரும்தான். அவர் நம்பவில்லை.

"பையில என்ன?"

பெரிய கேமராவை வெளியே எடுக்கிறேன். அவர் முகம் தெளிகிறது.

"இத மொதல்லயே கழுத்துல போட்டிருக்கலாம்லா? படம் எடுக்க ஆளுன்னு தூரத்துலயே தெரியும், நாங்களும் ஒதுங்கிக்கிடுவோம். ஏட்டி, துண்டப் போத்திட்டு இங்கன வா. எங்கள ஒண்ணு எடுங்க அண்ணாச்சி."

இந்தப் பெரிய லென்ஸில், அருவிக்கடியில் நிற்பவரின் கம்மல் கல்லைக்கூட எண்ணலாம். சின்னதில் அவர் வெறும் புள்ளி. அதைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"புள்ள ஈரத்தோட நிக்கா, சீக்கிரம்" என்கிறார். எடுக்கிறேன். இருவரும் சிரிக்கிறார்கள்.