ஐந்தாவது பை

எங்கள் வீட்டில் ஒரு பச்சைத் துணிப்பை இருக்கிறது. கோயில் தேர்த் திருவிழா அன்று வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதம் போட்டுக் கொடுத்த பை. ஒரு பக்கத்தில் பிள்ளையார் படம் அச்சடித்திருந்தது. துவைத்துத் துவைத்து இப்போது தும்பிக்கையும் ஒரு காதும்தான் மிச்சம். ஒரு கைபிடி அறுந்துபோய், அதைக் கறுப்பு நூலால் நெருக்கித் தைத்திருக்கிறது. இந்தப் பையை நான் கடைக்குக் கொண்டு போவதில்லை. வருடம் முழுக்க அலுமாரியின் மேல்தட்டில் மடித்தபடி கிடக்கும். மார்கழி பிறந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை வந்து, நிலவறையிலிருந்து சூட்கேஸை மேலே கொண்டுவரும் நாளில்தான் அதைக் கையில் எடுப்பேன். இன்றைக்கு அந்த நாள். சூட்கேஸ் வாயைத் திறந்துகொண்டு கட்டிலில் கிடக்கிறது. பை என் மடியில் இருக்கிறது.

அந்தக் கறுப்பு நூல் தையல் என் மச்சாளுடையது. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. அவர் சுவிஸில், வின்டர்தூரில் எங்களோடு வந்து இருக்கத் தொடங்கியபோது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. அவருடைய அகதி மனுவை மறுத்துவிட்டார்கள். ஆனால் திருப்பி அனுப்பவும் இல்லை. இப்போதைக்கு இருக்கலாம் என்று ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் எஃப் என்று ஓர் எழுத்து. அந்த எழுத்து உள்ளவர்கள் இங்கே வேலை செய்யலாம், வரி கட்டலாம், ஆனால் நினைத்தபடி எல்லை தாண்டிப் போக முடியாது. ஆண்டவன் ஒரு கதவைத் திறந்துவிட்டு மற்றக் கதவைச் சாத்தி வைத்திருந்தான் என்றுதான் நான் அதை விளங்கிக்கொண்டேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். சட்டம் எனக்குத் தெரியாது.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் வருடம் எனக்கு மச்சாளோடு அவ்வளவு ஒத்துப்போகவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் என்றால் அகப்பைகள் முட்டத்தான் செய்யும். நான் ஆஸ்பத்திரி லாண்ட்ரியில் நாள் முழுக்கத் துணி மடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், நான் காலையில் மடித்து வைத்த துணியை அவர் பிரித்து வேறு மாதிரி மடித்து வைத்திருப்பார். சம்பளத்துக்குத் துணி மடிக்கிற எனக்கே மடிக்கச் சொல்லித் தருகிறாரா என்று மனதுக்குள் புகைந்திருக்கிறேன். பிறகு சாமி அறையில் நின்று மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். அடுத்த நாள் மறுபடியும் புகைந்திருக்கிறேன்.

என் கணவர் வேலை செய்கிற தொழிற்சாலையில் வருட முடிவில் குடும்பத்துக்கென்று விளையாட்டுப் பூங்கா நுழைவுச் சீட்டுக் கொடுப்பார்கள். ஜெர்மனிப் பக்கம், பாசல் தாண்டிப் போக வேண்டும். ராட்டினம், மலை ஏறி இறங்குகிற ரயில், தண்ணீரில் விழுகிற படகு என்று பெரிய இடம். குளிர்காலத்தில் மரமெல்லாம் விளக்குக் கட்டித் திறந்து வைப்பார்கள். அந்த முதல் வருடம் ஐந்து சீட்டு வந்தது. பிள்ளைகள் நாளை எண்ணத் தொடங்கினார்கள். அங்கே ஒரு நாள் நின்று, இரவு தங்கி, அடுத்த நாள் திரும்புவதாகத் திட்டம்.

சூட்கேஸ் அடுக்குகிற வேலையை மச்சாள் தானாகவே எடுத்துக்கொண்டார். ஒரு கிழமை, ஏழு நாளும் அடுக்கினார் என்றால் நம்புவீர்களா? என் கணவர் கைத்தொலைபேசியில் வானிலை பார்த்துச் சொன்னால் அவருக்குக் காணாது. பலகணிக் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். அது இந்த ஊர்க் குளிர், அந்த ஊர்க் குளிர் இல்லை என்று மகள் சொன்னதும், கோயிலில் பழக்கமான பாசல் அக்கா ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். அங்கே காற்றா, நிலம் ஈரமா, உடுப்பு எத்தனை மணித்தியாலத்தில் காயுது என்று விசாரணை. அந்தப் பெண் பாவம், மூன்று நாளாக இவருக்கு வானிலை அறிவித்துக்கொண்டிருந்தார்.

அவர் அடுக்கிய விதத்தை இப்போதும் என் கை மறக்கவில்லை. ஆளுக்கொரு பெரிய பொலித்தீன் பை. அதற்குள் உள்ளுக்குப் போடுவது, நடுவில் போடுவது, மேலே போடுவது என்று மூன்று தட்டு. காலுறையை உருட்டி, அதை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கையுறை. நனைந்தால் அந்தப் பையை அப்படியே தூக்கிப் போய் உடுப்பு மாற்றிவிடலாம், சூட்கேஸைக் கிண்டத் தேவையில்லை. பையின் வாயில் கடதாசி ஒட்டிப் பெயர் எழுதுவார். கடைசியாக ஒவ்வொரு பைக்குள்ளும் கடதாசியில் மடித்த ஒரு சின்ன விபூதிச் சரை. இவ்வளவு எதற்கு என்று நான் கேட்டபோது சொன்னதுதான் இன்று என் வீட்டில் வேதவாக்கு.

“வெயில் எறிச்சால் ஒண்டைக் கழட்டலாம். இல்லாததைப் போடேலாது.”

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பச்சைத் துணிப்பை. அதற்குள் என் கணவரின் பழைய ஸ்வெட்டர் ஒன்று, ஒரு சோடி காலுறை, ஒரு கம்பளித் தொப்பி, ஒரு சோடி கையுறை. யாருடைய பெயரும் இல்லை. என் கணவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, நாங்கள் ரெண்டரை மணித்தியாலம் கார் ஓடப்போறம், கப்பலேறேல்லை” என்றார்.

“உலை வைக்கேக்கை ஒரு பிடி கூடப் போடுறேல்லையே? ஆர் வருவினம் எண்டு தெரிஞ்சே போடுறம்?” என்று கேட்டுவிட்டு அவர் தன் பாட்டில் ஸிப்பை இழுத்தார். அந்தக் கையுறை புதிது, விலை அட்டைகூடக் கழற்றவில்லை. முதல் சம்பளத்தில் வாங்கியிருந்தார். பழைய கையுறை வீட்டில் எத்தனையோ கிடக்கிறதே என்றேன். “வாறவைக்குப் பழசு குடுக்கிறதே?” என்றார்.

போவதற்கு முதல்நாள் பின்னேரம், சூட்கேஸில் நான்கு பெயர்தான் இருக்கிறது என்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். மாமியின் பை எங்கே என்று கேட்டாள். மச்சாள் கடைசிக் காலுறையை உருட்டிக்கொண்டே, தன் அட்டை எல்லை தாண்டாது என்று சாதாரணமாகச் சொன்னார். ஒரு கிழமையாக அவருக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் அடுக்கியிருக்கிறார். எங்களுக்குத்தான் அந்த யோசனையே வரவில்லை. என் கணவருக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை கார் போகிறது, யார் மறிக்கப்போகிறான், பின்சீட்டில் சும்மா இருந்து வாங்கோ என்றார். மச்சாள் குரலை உயர்த்தவில்லை.

“ஒரு நாள் விளையாட்டுக்காக நான் இருந்த வருசங்களை வைச்சு விளையாடேலாது, தம்பி.”

அடுத்த நாள் காலை பலகணியில் நின்று கையசைத்து, “கவனமாய்ப் போயிட்டு வாங்கோ” என்றார். அந்த ஒரு வசனத்தை நாங்கள் நான்கு குளிர்காலம் கேட்டோம். நான்கு தடவையும் அவர் அடுக்கினார், நாங்கள் போனோம். ஒரு வருடம் மழை, ஒரு வருடம் பல் கிட்டிக்கிற குளிர்க்காற்று, ஒரு வருடம் சித்திரை மாதம் போல வெயில். எது வந்தாலும் அதற்குரிய உடுப்பு பைக்குள் இருந்தது. மற்றக் குடும்பங்கள் கடையில் விலை கூடிய தொப்பி வாங்கிக்கொண்டு நிற்க, என் பிள்ளைகள் சூடாக ஓடித் திரிந்தார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பலகணியில் நின்றவரின் நினைப்பும் வந்தது. திரும்பி வந்ததும் எதில் ஏறினீர்கள், எவ்வளவு உயரம், பயமாக இருந்ததா என்று ஒன்று விடாமல் கேட்பார். பச்சைப் பை ஒவ்வொரு தடவையும் திறக்காமலே திரும்பி வந்தது. அவர் அதை அப்படியே அலுமாரியில் வைப்பார். மூன்றாம் வருடம் ஒரு கைபிடி அறுந்தபோதும் எறியாமல் தைத்தார்.

அந்த வருடங்களில் எனக்குள் இருந்த புகைச்சல் எப்போது அடங்கியது என்று தெரியவில்லை. பராமரிப்பு இல்லமொன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, பின்னேரங்களில் மகனோடு ஒரே மேசையில் இருந்து அவர் டொச், அதாவது ஜெர்மன் மொழி படித்தார். மகன் அவரைப் பிழை திருத்தும்போது, “ஓம் சேர்” என்பார். பரீட்சையில் தேறினார். எல்லை தாண்டக்கூடிய வதிவிட அனுமதிக்கு மனுப் போட்டார். நான் ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் நேர்ந்துகொண்டேன். அந்த எழுத்து மாறினால் தேங்காய் உடைக்கிறேன் பிள்ளையாரே, எத்தனை என்று நீயே சொல்லு என்றேன். ஐந்தாம் வருடம் ஐப்பசியில் கடிதம் வந்தது. புது அட்டையில் எஃப் இல்லை, பி. மச்சாள் அதைச் சாமித் தட்டில் வைத்துவிட்டு அழவில்லை, சிரிக்கவும் இல்லை. போய் அரிசி களைந்தார். பாஸ்போட்டும் எடுத்து முடிய மார்கழி வந்துவிட்டது.

அந்தப் பயணத்தில் சூரிச் தாண்டியதுமே அட்டையையும் பாஸ்போட்டையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பாசலில் எல்லையைத் தாண்டினோம். ஒருவரும் மறிக்கவில்லை. “ஒருத்தரும் கேக்கேல்லையே?” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. “வேணுமெண்டால் திருப்பிப் போய்க் காட்டிப்போட்டு வருவமோ?” என்றார் என் கணவர். பின்சீட்டில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

காலையில் நல்ல வெயில். மச்சாள் மெல்லிய ஜக்கெட்டும் துணிச் சப்பாத்தும் போட்டிருந்தார். நானும் கவனிக்கவில்லை. அவர் இருக்கும்போது உடுப்பைப் பற்றி யோசிக்கிற பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. மத்தியானம் மலைப்பக்கம் கறுத்து, மழையும் பனியும் கலந்து ஊற்றியது. ஐந்து பேரும் தெப்பமாக நனைந்து கார் நிறுத்திய இடத்துக்கு ஓடி வந்து சூட்கேஸைத் திறந்தோம். பெயர் பார்த்துப் பார்த்து மகள் பைகளை எடுத்துக் கொடுத்தாள். அப்பா. அம்மா. தன்னுடையது. தம்பியுடையது. பிறகு அவள் கை நின்றது.

ஐந்தாவது பெயர் இல்லை. நான்கு வருடம் நான்கு பேருக்கு அடுக்கின கை, தான் வருகிற வருடத்திலும் நான்கு பேருக்குத்தான் அடுக்கியிருந்தது. மச்சாள் சூட்கேஸைக் குனிந்து பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது, தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. “என்னை மறந்துபோனன்” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். நான் என் ஸ்வெட்டரை நீட்டினேன், வாங்கவில்லை. என் கணவர் தன் ஜக்கெட்டைக் கழற்றப் போனார், அதட்டினார். பிறகு காரின் பின்சீட்டில் ஏறி இருந்துகொண்டு, ஹீட்டரைப் போட்டுவிட்டால் தனக்குக் காணும் என்றார்.

“நான் இதுக்குள்ளை இருக்கிறன். நீங்கள் கவனமாய்ப் போயிட்டு வாங்கோ.”

அந்த வசனம் என் நெஞ்சில் விழுந்த இடத்தை எனக்கு இப்போதும் காட்டத் தெரியும். எல்லை தாண்டி வந்தும் அவர் இன்னும் எங்கள் பலகணியிலேயே நின்றுகொண்டிருந்தார். மகள்தான் அசைந்தாள். பதின்மூன்று வயது அவளுக்கு. சூட்கேஸின் மூலையிலிருந்து பச்சைப் பையை இழுத்தெடுத்தாள்.

“மாமி, இது ஆருக்கு?”

“அது வாறவைக்கு. வை பிள்ளை உள்ளுக்கு.”

“வந்தது நீங்கள்தானே.”

மச்சாள் அவளைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தவர் கையை நீட்டினார்.

என் கணவரின் பழைய ஸ்வெட்டர் அவருக்கு முழங்கால் மட்டும் இருந்தது. தொப்பி, என் மகன் சின்னவனாக இருந்தபோது போட்டது, மேலே கரடிக்காது இரண்டு. சப்பாத்துக்குள் பொலித்தீன் பையைச் சுற்றி, அதற்குள் காலுறையோடு காலை விட்டார். கையுறையின் விலை அட்டையை மகன் பல்லால் கடித்து அறுத்தான். தனக்கென்று புதிதாக ஒன்றும் வாங்காத மனுசி, நான்கு வருடம் பழையதாகிப்போன அந்தப் புதுக் கையுறையைப் போட்டு, விரலை விரித்து விரித்துப் பார்த்தார். பையின் அடியில் ஒரு விபூதிச் சரையும் கிடந்தது. வரப்போகிற அந்த ஆரோ ஒருவருக்கும் அவர் விபூதி எடுத்து வைத்திருக்கிறார். நான் அதைப் பிரித்து, அவர் நெற்றி ஈரத்தைத் துடைத்துப் பூசிவிட்டேன். அன்றுவரை நான் அவரைத் தொட்டதே குறைவு.

மழை முழுப் பனியாக மாறியது. கரடிக்காதோடு மச்சாள் எங்களுக்கு முன்னால் நடந்தார். மலை ஏறுகிற ரயிலில் மகனுக்குப் பக்கத்தில் இருந்து, இறங்கும்போது முருகா முருகா என்று கூப்பிட்டது கீழே நின்ற எங்களுக்குக் கேட்டது. இறங்கி வந்து, இன்னொருக்கால் போவமோ என்று கேட்டார்.

இப்போது மச்சாள் வில் நகரில் தனியாக ஒரு சின்ன வீடு எடுத்து இருக்கிறார். அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் சமையல் அவர் பொறுப்பு. பின்னேர ரயிலில் தன் பெட்டியோடு வருவார். காலையில் தொலைபேசி எடுத்து, உங்கை வானம் எப்பிடி என்று கேட்டார். வெயில் என்றேன். நம்பாதை என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் தனக்கு உடுப்பு எடுத்து வைத்திருப்பார் என்று நானும் நம்பவில்லை. அதனால் மாமி என்று பெயர் ஒட்டி அவருக்கும் ஒரு பொலித்தீன் பை அடுக்கிவிட்டேன். உள்ளுக்கு, நடுவுக்கு, மேலுக்கு, விபூதிச் சரையோடு.

இனிப் பச்சைத் துணிப்பைதான். நேற்று வேலை முடிந்து வரும்போது ஒரு சோடி கையுறை வாங்கி வந்தேன், புதிது. ஸ்வெட்டர், காலுறை, தொப்பி, அதற்கு மேல் கையுறை. விலை அட்டையைக் கழற்றவில்லை. யாருக்கென்று எனக்குத் தெரியாது. அடுக்கின நாளில் மச்சாளுக்கும் தெரியாதுதானே.