'மழை இல்லை' என்று எழுதிய மார்கழிகள்

ஏரிக்கரை சர்க்கார் பங்களாவின் பின்புறம் ஒரு மழைமானி இருந்தது. காலை எட்டரைக்கு அதைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுத வேண்டும். பென்னலூரிலிருந்து போய் அந்த வேலையைப் பார்த்தவன் நான். இப்போது ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ் ஓடும் தடம்தான், அப்போது நடைதான். ஊரில் என்னை மழைக்காரர் என்பார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் வேறு.

ஐப்பசியில் ஒழுங்காகத்தான் அளந்தேன். கார்த்திகை தீபம் முடிந்தால் குளிர் ஏறிவிடும். விடியலில் ஏரி மேல் பனி படுத்திருக்கும். மானியின் வாயெல்லாம் ஈரமாக இருக்கும், உள்ளே ஒரு சொட்டு இருக்காது. தீபத்தோடு மழை முடிந்தது என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் இருந்த நினைப்பு. அந்தக் குளிரில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு எதற்கு நடப்பது? தீபத்துக்கு மறுநாளே உட்கார்ந்து, மார்கழி முடிகிறவரைக்கும் தேதி போட்டு, எதிரே 'இல்லை', 'இல்லை' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். மேலே இருந்தவர்கள் வாங்கி அடுக்கிவைத்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் உருப்பட்டிருப்பேனோ என்னவோ. ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

1991இல் அக்கா வந்து கேட்டாள். புருஷனை இழந்தவள், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் குடிசையில் தனியாக இருந்தாள். பனி இறங்கினால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். மாசி முடிகிறவரை உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். தைப் பனிக்குள்ளாவது செங்கல் சுவர் எழுப்பிவிட வேண்டும் என்பது ஒன்றே அவள் நினைப்பு. ஏரி மண்ணை எடுத்துத் தானே கல் அறுப்பதாக இருந்தாள். பச்சைக் கல் காய்ந்து சூளைக்குப் போகிறவரை மழை படக் கூடாது.

"தம்பி, தீபத்துக்கு அப்புறம் மழை கீதா? உன் நோட்டைப் பாத்துச் சொல்லு. இருந்தா பொங்கல் தாண்டி அறுத்துக்கறேன்."

நோட்டுகளைப் பரப்பிவைத்து, பெரிய ஆபீசர் மாதிரி பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நானே எழுதியதை நானே நம்பினேன், அதுதான் கொடுமை. "ஆறு வருஷமா ஒரு சொட்டு இல்லக்கா. தைரியமா அறு" என்றேன்.

அறுத்தாள். மண்ணை மிதித்துக் குழைத்ததும் அவள், அச்சில் போட்டு அறுத்ததும் அவள். மூச்சு வாங்கினால் சற்று உட்கார்ந்துவிட்டு மறுபடியும் எழுந்திருப்பாள். மார்கழி பிறந்து நாலாம் நாள் மத்தியானம் மேகம் திரண்டது. இருந்த கோணியையும் ஓலையையும் போட்டு மூடினோம். காற்று அதையும் பிடுங்கிக்கொண்டு போனது. பொழுது சாய்வதற்குள் கல்லெல்லாம் பழையபடி சேறாகிவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது வானத்தின் மேல்தான். என் மேல் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

மறுநாள் காலை அக்கா வந்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. நோட்டை எடுக்கச் சொன்னாள்.

"உன் மாமாவை எடுத்துக்கினு போனமே, அந்த மார்கழிக்கு இன்னா எழுதிக்கீற, பாரு. அன்னிக்குக் கொட்டற மழையில கொள்ளி கூடப் புடிக்கல. நீ சொன்னப்பவே எனக்கு சந்தேகம்தான். படிச்சவன், நோட்டைப் பாத்துச் சொல்றியேன்னு வுட்டுட்டேன்."

அன்று பாடைக்குத் தோள் கொடுத்தவன் நான்; சுடுகாட்டில் தொப்பலாக நனைந்து நின்றவன். அந்தத் தேதிக்கு எதிரே என் கையெழுத்தில் 'இல்லை' என்று இருந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் துணிச்சலில், "நாப்பது மில்லின்னு போட்டிருக்குக்கா" என்றேன்.

அக்கா நோட்டை மூடினாள்.

"அப்போ தெரிஞ்சேதான் ஒரு சொட்டு இல்லன்னு சொன்னியா?"

அன்று எழுதிய பொய்யா, இப்போது சொன்ன பொய்யா, எதை ஒப்புக்கொள்வது? அவள் எழுந்து போய்விட்டாள். அந்தப் பனிக்காலம் முழுக்க அவளுடைய இழுப்பு எங்கள் வீட்டுக்குள் கேட்டது.