கோட்டை விழாத ஞாயிற்றுக்கிழமை

கோட்டையைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் நகரின் குடியிருப்போர் சங்கம் ஏரிக்கரைப் பூங்காவில் இரண்டு நாள் முகாம் போட்டது. சனிக்கிழமை போய்க் கூடாரம் அடித்துத் தங்குவது. ஞாயிறு காலை பத்து மணிக்கு, வெள்ளைக்காரக் கும்பினிப் படை ஒரு பாளையக்காரரின் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்த சரித்திரத்தை ஊர் முன்னால் நடத்திக் காட்டுவது. எழுதிக் கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த வரலாற்று வாத்தியார். சவுக்குக் கம்புகளை நட்டு, சுற்றிலும் கோணியைக் கட்டி, மேலே காவி பூசியதும் கோட்டை எழுந்துவிட்டது. கும்பினிச் சிப்பாய்களுக்குச் சிவப்புக் கோட்டு வேண்டுமே? பல்லாவரத்தில் கல்யாணத்துக்கு பேண்டு வாசிப்பவர்களிடம் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். ஒவ்வொரு சிப்பாயின் முதுகிலும் பேண்டு குழுவின் பெயர் ஜரிகையில் மின்னியது.

கும்பினித் தளபதி என் மாமா, அம்மாவின் தம்பி. ரயில்வேயில் வேலை. நாலு பேர் கூடினால் நடுவில் நிற்பவர் அவராகத்தான் இருக்கும். கோட்டைத் தளபதி என் அப்பா. அப்பா வேலை பார்த்த குரோம்பேட்டை ஆலையைப் பூட்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. அப்படியும் ஐந்து மணிக்கே எழுந்து, சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு, வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருப்பார். தெருவில் தெரிந்தவர் யாராவது வந்தால் உள்ளே போய்விடுவார். உட்கார்ந்தாலோ கால் ஆடும். அந்த ஆட்டம் எனக்கும் தொற்றிக்கொண்டது. சோறு தின்னும்போதுகூட என் முழங்கால் துடிக்கும். அம்மா தொடையில் தட்டுவாள்.

மாமா மூன்று நாள் சாயங்காலம் தொடர்ந்து வந்தார்.

“ஆளே இல்ல மச்சான். நீங்க வரலேன்னா ப்ரோக்ராமே கேன்சல்.”

“என்னை விட்டுடுப்பா. வேற யாரையாவது பாரு.”

மூன்றாம் நாள் மாமா அட்டைக் கத்தியை அப்பாவின் மடியில் வைத்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போனார். மறுநாள் காலையில் பார்த்தால், அப்பா அந்தக் கத்தியின் பிடிக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கோட்டைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் செய்த காரியம், ஒவ்வொரு கம்பாக ஆட்டிப் பார்த்ததுதான். கயிறு தளர்ந்த இடத்தையெல்லாம் அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். எங்கள் பக்கம் இருந்த இருபது பேரை முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு என்று பிரித்தார். நடுவில் பறந்த கொடியை எதிரி இறக்கிவிட்டால் கோட்டை விழுந்ததாக அர்த்தம்.

“அரை மணியில விழுந்துடணும் சார்,” என்று வாத்தியார் வந்து நினைவூட்டினார். “சீஃப் கெஸ்ட் பதினொண்ணுக்குக் கெளம்பிடுவார்.”

“விழட்டும் சார். சும்மா விழாது,” என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

பின்பக்கச் சுவரில் ஒரு மூலைக் கம்பு சரியாக ஊன்றவில்லை. அடியில் பாறை. கட்டிவைக்கக் கயிறும் தீர்ந்துபோயிருந்தது. காலையில் கயிறு வரும்வரை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள் என்று அப்பா என்னை அந்த இடத்தில் உட்கார வைத்தார். “நம்பி விடுறேன்,” என்றார்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். எறும்பு கடித்தது. கோணிக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் பாட்டுமாக இருந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானங்களை எண்ணினேன். ஆறுக்கு மேல் எண்ணப் பொறுமை இல்லை. பூங்காவின் ஒரே தண்ணீர்க் குழாய் கும்பினிக் கூடாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தாகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கோணியைத் தூக்கி வெளியே நழுவினேன்.

குழாயை மூடி நிமிர்ந்தபோது மாமா நின்றிருந்தார். பக்கத்தில், வாடகைக் கோட்டுகளோடு தானும் சிப்பாயாக வந்துவிட்ட பேண்டு குழுவின் கிளாரினெட்காரர்.

“இன்னா சார், ஒற்றன் மாட்டிக்கினான் போல கீது,” என்றார் அவர்.

கைதி என்று சொல்லி மாமா என்னைக் கூடாரத்துக்குள் கூட்டிப்போய்ச் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார். நான் பாதி தின்றதும் சாதாரணமாகக் கேட்டார்: “அப்பா என்ன பண்றார் பாப்பா?”

“எல்லாக் கம்பையும் ஆட்டி ஆட்டிப் பாக்குறார். எல்லாம் சரியா இருக்கு. பின்னாடி மூலையில மட்டும் ஒண்ணு ஆடுது. நான்தான் அதுக்குக் காவல்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. மாமா சிரிக்கவில்லை. “சாப்பாடு சாப்ட்டாரா?” என்று கேட்டார். இரண்டு தட்டு என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் நாலு தடவை அவர் பின்னாலேயே போனேன். நாலு தடவையும் அவர் யாருக்காவது எதையாவது விளக்கிக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை கயிறு கொண்டுவர வேண்டிய ஆள் வரவில்லை.

“அப்பா, அந்தக் கம்பு...”

“தெரியும்டா. நீ உன் எடத்துல நில்லு, போதும்.”

பத்து மணிக்கு ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். வாத்தியார் மைக்கில் சரித்திரம் சொல்ல, சிவப்புக் கோட்டுகள் முன்வாசலை நோக்கி ஓடிவந்தன. எங்கள் ஆட்கள் கோணிக்கு மேலாகக் கலர்த் தண்ணீரை ஊற்றினார்கள். அப்பாவின் குரல் எல்லாச் சத்தத்துக்கும் மேலே கேட்டது. நான் மூலையில் ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு நின்றேன். கால்கள் இரண்டும் தனித்தனியாக ஆடின.

அப்போது கோணி அசைந்தது. இடைவெளியில் மாமாவின் முகம். அவருக்குப் பின்னால் நாலைந்து சிவப்புக் கோட்டுகள். மாமா என்னைப் பார்த்தார். கையை நீட்டி அந்தக் கம்பைத் தொட்டார். அது லொடலொடவென்று ஆடியது. ஒரு உதை போதும். கொடி பத்தடி தூரத்தில் இருந்தது. வாளியைத் தூக்க எனக்குக் கை வரவில்லை.

மாமா கம்பிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

“பின்னாடி இரும்பு மாதிரி இருக்குப்பா! ஒண்ணும் ஆவாது. முன்னாலயே போலாம்!”

முன்வாசலில் அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. பத்தரை ஆனது. “இதோ கோட்டை விழப்போகிறது,” என்றார் வாத்தியார் மைக்கில். பத்தே முக்காலுக்கும் அதையே சொன்னார். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. கடைசியில் மாமா சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, இரண்டு கைகளாலும் தன் கத்தியை அப்பாவிடம் நீட்டினார். ஏரிக்கரையே விசில் அடித்தது.

வாத்தியார் மைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். “என்ன சார் இது, சரித்திரத்துல அந்தக் கோட்டை விழுந்துடிச்சு!”

“அது அங்க சார். இது தாம்பரம்,” என்றார் மாமா, முகத்தில் வழிந்த பச்சைத் தண்ணீரைத் துடைத்தபடி.

அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மேலே இருந்தவர் வெட்கத்துடன் சிரித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் மாமாவைத் தனியாகப் பிடித்தேன். “நான்தான் சொன்னேனே மாமா, ஏன் உள்ள வரலை?”

“நல்லா ஸ்ட்ராங்காத்தான் இருந்துச்சு பாப்பா. நீதான் தப்பாப் பாத்துட்ட.”

அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் துரோகி ஆகாமல் இருக்கத்தான் சொன்னார் என்று முடிவுகட்டினேன். எனக்காக ஒருவர் தோற்றிருக்கிறார் என்று பெருமையாகவும் இருந்தது. பல நாள் அந்தப் பெருமையோடு இருந்தேன்.

அன்று இரவு மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு, கரகரத்த தொண்டையோடு, வாசலில் யார் எங்கே நின்றார்கள் என்று மூன்றாவது தடவையாக விவரித்துக்கொண்டிருந்தார். முதல் தடவை கேட்பதுபோல மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா மாமாவின் தட்டில் மீன் வைத்தாள். போதும் என்றாலும் கேட்காமல் இன்னொரு துண்டு வைத்தாள். பிறகு தம்பியின் தலையில் ஒரு நொடி கையை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

தண்ணீர் எடுக்க நான் பின்னால் போனபோது, சுவரைப் பார்த்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“ஏம்மா அழற? நாமதான் ஜெயிச்சுட்டோமே?” என்று கேட்டேன்.